பதினைந்து பேருக்கு மஃப்ளரா?

வணக்கம்.

கணவரின் ரயில்வே வேலை காரணமாக வடக்கே சில ஆண்டுகள் இருந்தோம். அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள், மகன், நாத்தனார், கொழுந்தன் வீடு, எதிர்வீடு என்று 15 பேருக்கு மஃப்ளரும் குல்லாவும் பின்னிக் கொடுக்க ஆசை. “சென்னையில் இதை யார் போடுவார்கள்? இந்த ஊரில் கம்பளி பின்னும் ஒரே ஆள் நீதான் அம்மா” என்று மகன் சிரிக்கிறான். போன ஆண்டு நாத்தனாருக்குப் பின்னிக் கொடுத்த சால்வை அவர் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பின்னுவதை விட வேண்டாம். பட்டியலைக் குறையுங்கள்.

நடுத்தரக் கனமுள்ள நூலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 22 கண்ணியும் (ஊசியில் நூலால் போடும் வளையம்) அதே அளவு நீளத்துக்கு 30 வரிசையும் வரும். 30 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள ஒரு மஃப்ளருக்கு 66 கண்ணி வீதம் 450 வரிசை, அதாவது 29,700 கண்ணிகள். நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் கை என்றால் 20 மணி நேரம். 15 பேருக்கு 300 மணி நேரம். குல்லாவை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இப்படி உட்கார்ந்தால் கிறிஸ்துமஸ் வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும், பிறகு ஊசியைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

மகன் சொல்வதில் பாதி தவறு. 2016 ஜனவரி 31 அன்று இதே சென்னையில் பெண்கள் குரோஷா ஊசியால் பின்னிய துண்டுகளை ஒன்றுசேர்த்து 11,148.5 சதுர மீட்டரில் ஒரு போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். கம்பளி பின்னும் ஆள் இந்த ஊரில் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல என்று அவரிடம் சொல்லுங்கள்.

மீதிப் பாதி சரிதான். டிசம்பரிலும் இங்கே பகலில் 29 டிகிரி, இரவில் 21, 22. ஆனால் சென்னையின் குளிர் வானத்தில் இல்லை, ஏ.சி. இயந்திரத்தில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணினி முன் அமர்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். உங்கள் மகளும் அப்படி ஓர் இடத்தில் வேலை செய்பவர் என்றால் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அடுத்து, ஏ.சி. பெட்டியில் இரவுப் பயணம் செய்பவர்கள். பிறகு, விடியற்காலையில் காதை மூடிக்கொண்டு நடக்கப் போகும் பெரியவர்கள். மார்கழி வந்ததும் குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் அவர்களைப் போன்ற நன்றியுள்ள வாடிக்கையாளர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

நூல் விஷயத்தில் கவனம் வேண்டும். நம் கடைகளில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான். விலை குறைவு, துவைப்பது எளிது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மெழுகுவத்தி ஏற்றும் வீட்டில், பட்டாசு வெடிக்கும் தெருவில், குழந்தைக்கு அதை மாட்டிவிடாதீர்கள். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியையும் அதில் பின்னாதீர்கள். இரண்டுக்கும் பருத்தி நூல் நல்லது. பருத்தியும் தீப்பற்றும், ஆனால் உருகி ஒட்டாது. அதற்கு ஒரு குறை உண்டு: கனமானது, இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, துவைத்தால் சுருங்கும். உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து அளந்த பிறகு உருப்படியைத் தொடங்குங்கள். எதிர்வீட்டுக்குப் பருத்தியில் பாத்திரம் பிடிக்கும் துணி போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

இனி நாத்தனார். நம் வீடுகளில் பரிசு ஓர் இடத்தில் நிற்பதில்லை. கொலுவுக்கு வந்த ரவிக்கைத் துணி நான்கு வீடு சுற்றி, சில சமயம் கொடுத்தவரிடமே திரும்பும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பும் கேக் தட்டும் வெறுமையாகத் திரும்பி வராது. மொய் நோட்டு இருப்பதே திரும்பச் செய்வதற்குத்தான். 20 மணி நேர உழைப்பை எந்த நோட்டில் எழுதுவது? அந்தச் சால்வையை அவரால் இன்னொருவருக்குத் தரவும் முடியாது, ஈடாக ஒன்றைச் செய்யவும் தெரியாது. பீரோவைத் தவிர அதற்கு வேறு இடம் இல்லை. அவர் அலட்சியம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நிறம் பிடிக்காமலும் இருந்திருக்கலாம். அடுத்தவருக்குப் பின்னும் முன் நிறத்தையும் அளவையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பொட்டலத்தைப் பிரித்து ஆச்சரியப்படும் வழக்கம் நமக்கு அவ்வளவாக இல்லை, கேட்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

இந்த ஆண்டு நாத்தனாருக்குக் கேக் போதும். சால்வையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம். அது அக்ரிலிக் என்றால் பாச்சை உருண்டைகூடத் தேவையில்லை.