வெப்பப் பரிமாற்ற ஆய்வு: ஒரு பெற்றோருக்குப் பதில்

இயந்திரப் பொறியியல் முடித்த தங்கள் மகள், கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு வெப்பப் பரிமாற்றத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போக விரும்புவதாகவும், கொதிகலனோடும் குளிர்பதனப் பெட்டியோடும் முடிந்துபோன ஒரு பழைய பாடத்தில் நான்கைந்து ஆண்டுகள் வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாடம் பழையதுதான். வெப்பக் கடத்தலுக்கு ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1822-ல் நூலாக வெளியிட்ட சமன்பாட்டையே இன்றைய மாணவரும் எழுதுகிறார். ஆனால் விதி பழையதாக இருப்பது வேறு, கணக்கு தீர்ந்துவிட்டது என்பது வேறு.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1934-ல் நுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், நீரில் மூழ்கிய மெல்லிய கம்பியை மின்னோட்டத்தால் சூடாக்கிப் பார்த்தார். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் குமிழிகள் பெருகி, வெப்பம் நன்றாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. ஓர் எல்லையைத் தாண்டியதும் நீராவிப் படலம் கம்பியைப் போர்த்திக்கொள்ள, நீர் கம்பியைத் தொட முடியாமல் போய், வெப்பநிலை ஒரே தாவலில் பல நூறு டிகிரி ஏறியது. சுற்றிலும் நீர் இருக்கும்போதே நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பி உருகி அறுந்தது. உருகுநிலை கூடிய பிளாட்டினம் தாங்கியது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் நீருக்கு அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட். உயர்திறன் கணினிச் சில்லுகள் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் இன்று அதே அளவில் வந்து நிற்கிறது. அணு உலையின் எரிபொருள் தண்டைக் காப்பதும் இதே எல்லையைப் பற்றிய அறிவுதான். விமான எஞ்சினின் டர்பைன் பிளேடுகள், தம் உலோகத்தின் உருகுநிலையைவிடச் சூடான வாயுவின் நடுவே சுழல்கின்றன. உள்ளே குடைந்த வழிகளும் மேற்பரப்பின் நுண்துளைகள் வழியே படரும் காற்றுப் படலமுமே அவற்றைக் காக்கின்றன. மின்வாகன பேட்டரிகளை அளவான சூட்டில் வைத்திருப்பதும் இத்துறையினர் செய்யும் வேலையே.

எனவே என் கவலை துறையைப் பற்றியதன்று; தங்கள் மகள் எந்தத் தலைப்பில், எந்த ஆய்வகத்தில் சேரப்போகிறார் என்பதைப் பற்றியது. திரவத்தில் நானோ துகள்களைக் கலந்தால் வெப்பக் கடத்துத்திறன் வியக்கத்தக்க அளவு உயரும் என்று 1990-களில் தொடங்கிய அலையில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளை அளந்து 2009-ல் வெளியிட்ட முடிவோ, வழக்கமான கோட்பாட்டை மீறிய உயர்வு எதுவும் தென்படவில்லை என்றது. கட்டுரை எளிதில் வரும் தலைப்பெல்லாம் வேலைக்கு உதவும் தலைப்பாகிவிடாது.

சிமுலேஷன் மென்பொருளை ஓட்டத் தெரிந்தவர்கள் இன்று ஏராளம். கணினி தந்த விடையை அளந்து சரிபார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. சூடான பரப்பில் ஒட்டிய தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி, அதன் கம்பி வழியே வெப்பம் கசிவதால், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அந்தப் பிழையைக் கையால் பிடித்துத் திருத்திப் பழகியவரை நிறுவனங்களின் நேர்காணலில் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். ஆகவே சோதனையும் கணிப்பும் சேர்ந்து நடக்கும் ஆய்வகத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உதவித்தொகை உறுதியாகாத இடத்தில் சேர வேண்டாம்.

முனைவர் பட்டம்வரை போவதில் மகளுக்கே தயக்கம் இருந்தால், வெப்பவியலில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு நல்ல இடைநிலை. அதன் ஆய்வேட்டை எழுதும்போதே இந்த வாழ்க்கை பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். முனைவர் பட்டம்தான் என்று அவர் உறுதியாக இருந்தால், கையெழுத்திடும் முன் அந்த ஆய்வகத்துக்கு ஒருநாள் நேரில் போய்வரட்டும். வழிகாட்டியிடம் பேசுவதைவிட, அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது: சோதனைக் கருவி கடைசியாக எப்போது ஓடியது? முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?