ஹேண்டில்பாரில் மாட்டிய கேமரா: படம் ஜெல்லி மாதிரி நெளிவது ஏன்?

கேமரா பழுதில்லை, மாற்றிவிடாதீர்கள். பைக் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் படம் நெளிகிறது, ஸ்டெபிலைசேஷன் (படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) போட்டும் போகவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சென்சார் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் கேமரா அதிர்ந்தால், நிமிர்ந்து நிற்கும் லைட் கம்பம்கூடப் பாம்பாக வளையும். ஸ்டெபிலைசேஷன் பெரும்பாலும் ஃபிரேமை மொத்தமாகத்தான் நகர்த்தும். உள்ளே இப்படி வளைந்ததை முழுதாக நிமிர்த்தாது. 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியின் ஹேண்டில்பாரில் இது வரத்தான் செய்யும்.

கிளாம்புக்கும் கேமராவுக்கும் நடுவில் மூன்று நீட்டிப்புக் கை போட்டிருக்கிறீர்களே, முதலில் அதைக் கழற்றுங்கள். கை நீள நீள ஆட்டம் பெருகும். கிளாம்புக்குள் பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்று மட்டும் வையுங்கள். நான்கைந்து சுற்றினால் கேமரா தலையாட்டும்.

அப்படியும் நின்றபாடில்லை என்றால் ஹெல்மெட் தாடைதான் சரியான இடம். உங்கள் கழுத்தைவிட நல்ல அதிர்வுத் தடுப்பான் கடையில் கிடைக்காது. கேமரா மவுண்டை ஒட்டும் இடத்தை சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம், ஹெல்மெட் ஓடு கெடும். ஒட்டி 30 விநாடி அழுத்துங்கள். விஎச்பி டேப் (மவுண்டை ஒட்டும் பலமான இருபக்க டேப்) முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும்; அன்றைக்கே கிளம்பினால்தான் பிய்ந்து விழுகிறது. கேமராவுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள்.

கேமராவுக்குப் பதில் போனை மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஓஐஎஸ் (ஆட்டத்துக்கு ஏற்ப லென்ஸையே நகர்த்திச் சமன்செய்யும் வசதி) உள்ள போனில், தொடர்ந்த அதிர்வு லென்ஸைத் தாங்கும் நுண்ணிய அமைப்பையே கெடுத்துவிடக்கூடும்.