ஹானர்ஸில் சேர்ந்தால் யூசிஎல்ஏ சீட் உறுதியா? கேள்வி பதில்

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்; யூசிஎல்ஏ அதன் லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸ்) மாற நினைப்பவர்களின் கேள்விகள் இவை. ஹானர்ஸ் என்பது கம்யூனிட்டி காலேஜில் கூடுதல் ஆழத்தோடு நடத்தும் வகுப்புத் திட்டம்.

கேள்வி (ஃப்ரீமான்ட், ஒரு அம்மா): என் பையன் ஹானர்ஸ் முடித்தால் யூசிஎல்ஏவில் கட்டாயம் இடம் கிடைக்குமாங்க?

கட்டாயம் இல்லைங்க, முன்னுரிமைதான். 'டாப்' எனப்படும் ட்ரான்ஸ்ஃபர் அலையன்ஸ் ப்ரோகிராமில் உங்கள் காலேஜ் இருக்க வேண்டும். ஹானர்ஸ் கவுன்சிலர் பையனுக்குச் சான்று அனுப்ப வேண்டும். பல இடங்களில் ஐந்தாறு ஹானர்ஸ் கோர்ஸ் கேட்பார்கள். இந்த முன்னுரிமை லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் பிரிவுக்கு மட்டும்தான். இன்ஜினியரிங், நர்சிங் பக்கம் செல்லாது. இன்னொன்று: முதலில் கேட்ட மேஜர் (முக்கியப் பாடம்) கிடைக்காவிட்டால் மாற்று மேஜரையும் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது சலுகையைக் கையால் தள்ளிவிடுவது மாதிரி.

கேள்வி: ஹைஸ்கூலில் ஹானர்ஸ் ஏ வாங்கினால் 5 பாயின்ட். இங்கேயும் அப்படியா?

இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கணக்கில் ஏ என்றால் 4 மட்டுமே. 30 யூனிட் (பாட அளவு) முடித்து 3.6 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வைத்திருக்கும் ஒருவர், 5 யூனிட் ஹானர்ஸ் கோர்ஸில் சி வாங்கினால் 3.37-க்கு இறங்கிவிடுவார். அதையே சாதாரண வகுப்பில் எடுத்து பி வாங்கியிருந்தால் 3.51. அதனால் தடுமாறும் பாடத்தில் வீம்புக்கு ஹானர்ஸ் எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். எதை ஹானர்ஸாக எடுக்கலாம் அண்ணா?

இங்கிலீஷ், ஹிஸ்டரி, பொலிட்டிகல் சயின்ஸ் போன்ற பொதுப் பாடங்களை எடுங்க தம்பி. கால்குலஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் போன்ற மேஜர் பாடங்களை 'அசிஸ்ட்' தளத்தில் (எந்தக் காலேஜ் பாடம் எந்தக் கேம்பஸில் செல்லும் என்று காட்டும் இணையதளம்) போகப்போகும் கேம்பஸோடு பொருத்திப் பார்த்து முதலில் திட்டத்தில் வையுங்கள். அதில் ஒன்று விட்டுப்போனால் ஆறு ஹானர்ஸ் கோர்ஸும் ஈடுகட்டாது.

கேள்வி: எனக்கு வேண்டிய வகுப்பில் ஹானர்ஸ் செக்ஷனே இல்லை.

ஹானர்ஸ் காண்ட்ராக்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண வகுப்பிலேயே கூடுதல் ஆய்வு செய்து ஹானர்ஸ் மதிப்புப் பெறும் ஏற்பாடு அது. எல்லாக் காலேஜிலும் கிடையாது. உதாரணமாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால், உங்கள் ஊர் வீட்டு வாடகைத் தரவை எடுத்து ரிக்ரஷன் (எது எதைப் பொறுத்து மாறுகிறது என்ற கணக்கு) போட்டு ஒரு கட்டுரை எழுதலாம். செமஸ்டரின் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைப்பு, பக்க அளவு, பேராசிரியரைச் சந்திக்கும் நாட்கள் மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு அலைவார்கள்.

கேள்வி: 'டாப்' போட்டால் 'டேக்' போடக் கூடாதா?

இரண்டும் போடலாம், போடவும் வேண்டும். 'டேக்' (ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்பது நிபந்தனையோடு கூடிய இட உத்தரவாதம். யூசியின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு கேம்பஸில் ஒன்றுக்குத்தான் போட முடியும். விண்ணப்பிக்கும் காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. அங்கேயும் சில மேஜர்களுக்குக் கிடையாது. அதன் பிறகு பொது விண்ணப்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். ஜனவரியில் ஃபால் (டிசம்பரில் முடியும் பருவம்) மதிப்பெண்ணை அப்டேட் செய்ய வேண்டும். வகுப்பை ட்ராப் செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: கடைசி 4 யூனிட்டை சம்மரில் முடித்துவிட்டு ஃபாலில் சேரலாமா?

ஆபத்து. 60 செமஸ்டர் யூனிட்டும் ஸ்ப்ரிங் முடிவுக்குள் வந்துவிட வேண்டும். டி ஆன்சா போன்ற குவார்ட்டர் (செமஸ்டரை விடச் சிறிய பருவம்) காலேஜ் என்றால் 90 குவார்ட்டர் யூனிட். முந்தைய சம்மரிலேயே அந்த 4-ஐ முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஃபை தீட்டா காப்பாவிலிருந்து அழைப்பு வந்தது. ஹானர்ஸில் சேர்ந்தாயிற்று என்று அர்த்தமா?

இல்லை, அது மதிப்பெண் பார்த்து அழைக்கும் சங்கம், உறுப்பினர் கட்டணமும் உண்டு. ஹானர்ஸுக்குக் காலேஜில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.