பாஸ் மீன் பிடிக்கும் தூண்டில் கோலில் 'பவர்', 'ஆக்‌ஷன்' என்று எழுதியிருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது பவர். அது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன். காய்ந்த குச்சியையும் பச்சைக் கிளையையும் நுனியில் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒன்று லேசில் வளையாது, மற்றது அடிவரை வளையும். வளைக்க ஆன பலமும் வளைந்த இடமும் தனித்தனிச் சங்கதிகள்.

இது ஏன் முக்கியம்? ரப்பர் புழு போன்ற போலி இரையில் இருப்பது ஒரே ஒரு தடித்த முள். பாஸின் தாடையில் அதை ஏற்ற வெடுக்கென்று சுண்ட வேண்டும். நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் கோலில் கையின் விசை உடனே முள்ளுக்குப் போய்விடும். நீரில் குடைந்தோடும் கிராங்க்பெய்ட் என்ற போலி இரை வேறு ரகம். அதன் மும்முனை முட்கள் சிறியவை, மெல்லியவை. விறைப்பான கோலால் இழுத்தால் வாயைக் கிழித்துக்கொண்டு முள் கழன்றுவிடும். பாதிவரை வளையும் மாடரேட் கோல்தான் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கைக்கு வந்த மீன் நழுவுவதற்குப் பல நேரம் இந்தப் பொருத்தமின்மைதான் காரணம்.

ஒரே கோல்தான் வாங்க முடியுமென்றால், 7 அடி நீளம், மீடியம்-ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் உள்ள கோல் என் தேர்வு. கோலில் அச்சிட்டிருக்கும் போலி இரையின் எடை வரம்பை மட்டும் மீறாதீர்கள்.

'ஃபாஸ்ட்' என்றால் பலமான கோல் என்று பலர் நினைக்கிறார்கள். எளிதில் வளையும் லைட் பவர் கோலிலும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் உண்டு.