கடலூர்க் காற்றில் மலைக்குப் பழகுவது எப்படி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 42, நாற்காலி வேலை. சென்ற ஆண்டு ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். ஞாயிறு காலையில் சில்வர் பீச் வரை போய்வருவதோடு சரி. சேலத்து நண்பர்கள் வார இறுதிகளில் ஏற்காடு, கல்வராயன் மலை என்று ஓட்டுகிறார்கள். ஜனவரியில் என்னையும் வரச் சொல்கிறார்கள். மேடே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலைக்கு எப்படிப் பழகுவது? உயரத்தில் மூச்சுத் திணறுமா? திங்கள்கிழமை வேலைக்கும் போயாக வேண்டும்.

பதில்: மூச்சைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குதான் குறைவு. ஏறும்போது கொஞ்சம் கூடுதலாக இரைக்கும், அவ்வளவே. உயர மலை நோய் என்று செய்திகளில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலான கதை. கல்வராயன் மலை இன்னும் தாழ்வு: இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி. ஆனால் 42 வயதில், நாற்காலி வேலைக்காரர் கடும் உடற்பயிற்சியைத் தொடங்குமுன் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

உங்களைத் திணறடிக்கப் போவது கியர். கணக்கைப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி குறைந்த ஒருவர் மணிக்கணக்காகத் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பு சுமார் 120 வாட். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மலைச்சாலையில் அந்த உழைப்புக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏழு கி.மீ.கூட இல்லை, வேக நடையைவிடச் சற்று அதிகம். ஒரு கி.மீ. உயரம் ஏற ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த மெதுவான வேகத்திலும் பெடல் நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று சுற்ற வேண்டும். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு மிதியின் பாரமும் முழங்காலில் விழும். திங்கள்கிழமை மாடிப்படி ஏறும்போது தெரியும்.

தொடக்கநிலை மவுண்டன் பைக் பலவற்றில் முன்பக்கச் சிறிய பற்சக்கரத்துக்கு 24 பல், பின்பக்கப் பெரியதற்கு 28 பல் இருக்கும். சமவெளிக்கு அது தாராளம். ஆறு சதவீத ஏற்றத்தில் அறுபது சுற்றோடு நின்றுவிடும். பின்னால் 34 பல் கொண்ட ஃப்ரீவீல் (பின்பக்கப் பற்சக்கரத் தொகுப்பு) மாற்றினால் அதே வேகத்தில் எழுபதைத் தாண்டிச் சுற்றலாம். மாற்றுமுன் உங்கள் டிரெய்லியர் (செயினைப் பற்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபதாயிரம் ரூபாய்க்கு சஸ்பென்ஷன் ஃபோர்க் மாற்றச் சொல்லும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அந்தப் பேச்சு இந்த ஆண்டு வேண்டாம்; அந்தப் பணத்தில் சிறு பகுதியை ஃப்ரீவீலுக்கும் பிரேக்குக்கும் செலவிடுங்கள்.

மேடே இல்லாத ஊர் என்கிறீர்கள். முழுக்கச் சரியில்லை. திருவந்திபுரம் பக்கம் போனால் கேப்பர் மலை இருக்கிறது. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது, நான்கைந்து நிமிட ஏற்றம்தான். அதையே திரும்பத் திரும்ப ஏறுங்கள். முதல் வாரம் நான்கு முறை, பிறகு ஆறு, எட்டு என்று கூட்டுங்கள். சீட்டை விட்டு எழாமல், சிறிய கியரில், பேச முடிகிற அளவு மூச்சோடு ஏற வேண்டும். எழுந்து நின்று உந்துவது பத்து நிமிடத்துக்குத் தாங்கும், இரண்டு மணி நேரத்துக்குத் தாங்காது.

இன்னொரு மேடு உங்கள் ஊரில் தினமும் இலவசமாக வீசுகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்றை எதிர்த்து நீங்களும் 15 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், உடல் உணரும் எதிர்ப்பு இரண்டரை சதவீத ஏற்றத்துக்குச் சமம். காலைக் காற்றில் இது கிடைக்காது. பிற்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு, பெண்ணையாற்றை ஒட்டிய கிராமச் சாலைகளில் மேற்கே போய்விட்டுக் கடலை நோக்கித் திரும்புங்கள். ஒரு மணி நேரம் இடைவிடாமல் மிதிக்க வைக்கும். மலை ஏற்றத்தில் சிரமமே அந்த இடைவிடாமைதான். சமவெளியில் நாம் நினைத்தபோதெல்லாம் கால் ஓய்த்துக்கொள்கிறோம். புதுச்சேரி–கடலூர் நெடுஞ்சாலையில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம். பஸ்களுக்கு இடையில் கற்க எதுவும் இல்லை.

வாரத்தில் ஒரு நாள் மேடு, ஒரு நாள் எதிர்க்காற்று, ஞாயிறு மூன்று மணி நேர நீண்ட ஓட்டம் என்று எட்டு வாரம் போதும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் பழகிய உடலுக்கு மலையில் ஒரு சாதகமும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறைவதால், இங்கே மூன்று மணி நேரம் தாங்கியவருக்கு அங்கே வெயில் பெரிதாகத் தெரியாது.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை அங்கேதான். ஏறுவதில் தவறினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. இந்த விளையாட்டே பிரேக் சிக்கலோடு பிறந்தது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் தடித்த டயர் பொருத்திய பழைய சைக்கிள்களில் மலை இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். சுமார் மூன்று கி.மீ. தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் ஹப் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அந்தத் தடத்துக்கு ரீபேக் (மீண்டும் அடைத்தல்) என்ற பெயர் அதனால்தான் வந்தது.

டிஸ்க் பிரேக் வந்தும் இயற்பியல் மாறவில்லை. 90 கிலோ எடை ஒரு கி.மீ. உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிரேக்கில் வெப்பமாகும். பயத்தில் லிவரை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே இறங்குகிறவரின் பிரேக்குக்கு ஆறவே நேரம் கிடைப்பதில்லை. பத்தாவது வளைவில் பிடிப்பு தளரும். நேர்ச்சாலையில் சக்கரத்தை ஓடவிடுங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிட்டு வளையுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இறங்கி நின்றதும் டிஸ்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தோல் பொசுங்கிவிடும்.

கடலூர்க்காரர் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்று கேபிளை உள்ளிருந்து அரிக்கிறது. உறைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. லிவர் கொஞ்சம் கனமாகிவிட்டது என்று மட்டும் தோன்றும். கடற்கரைக்கு ஓராண்டு ஓடிய சைக்கிளை மலைக்கு ஏற்றுமுன் பிரேக் கேபிள் இரண்டையும் உறையோடு மாற்றிவிடுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். பேட் தேய்மானத்தையும் பாருங்கள். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே டிஸ்கில் பட்டால் அந்தப் பேட் கிட்டத்தட்டப் போனது மாதிரிதான்; சொட்டு எண்ணெய் போதும்.

மண் பாதையில் இறங்கிப் பழகப் புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் சுற்றுவட்டச் செம்மண் மேட்டைவிட நல்ல இடம் நமக்கு அருகில் இல்லை. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் அதே பாறை வகைதான் அங்கேயும். மழை அறுத்த ஓடைகள், உருளும் செஞ்சரளை, முந்திரித் தோப்பின் சருகு மூடிய வேர்கள், எல்லாம் கிடைக்கும். எது பொதுப் பாதை, எது காப்புக்காடு என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். முந்திரி காய்க்கும் மாதங்களில் தோப்புக்காரர் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். சீட்டை இரண்டு விரற்கடை இறக்கி, பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நின்று, இடுப்பைப் பின்னே தள்ளி, பார்வையைப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் வைத்து இறங்கிப் பழகுங்கள். டயர் காற்று மண்ணில் 30 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கட்டும், தார்ச்சாலையில் 45 வைக்கலாம். திரும்பியதும் டயரைத் தடவிச் சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். இன்று குத்தியது நாளைதான் பஞ்சர் காட்டும்.

ஜனவரிப் பயணத்துக்கு ஏற்காட்டைவிடக் கல்வராயனைத்தான் சொல்வேன். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகள் விடியலுக்குப் பிறகு வரிசைகட்டும். கல்வராயன் உங்களுக்குக் கிட்டவும்கூட. கச்சிராயப்பாளையம் கோமுகி அணைப் பக்கமிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் விடியற்காலையில் தொடங்கினால் நிதானமாக ஏறலாம்.

அந்தச் சாலை உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அதுதான் வீட்டுவாசல். அறுவடைக் காலத்தில் தாரின் மேலேயே தானியம் காயும். மரவள்ளி மூட்டையோடு நடப்பவர், மேய்ச்சலுக்குப் போகும் மாடு, பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். மணி அடித்துக்கொண்டு, பார்வைக்கு எட்டிய தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் இறங்குங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவர்தான். சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும், செல்பேசி சிக்னலை நம்ப வேண்டாம். மலைக்கிராமக் கடையில் உங்கள் சக்கர அளவுக்கு டியூப் கிடைப்பது அரிது. இரண்டு டியூப், பம்ப், செயின் இணைப்பு ஒன்று, இறங்கும்போது வியர்வை குளிராமல் இருக்க ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை இவ்வளவும் பையில் வேண்டும்.

தார்ச்சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் நண்பர்கள் திரும்பச் சொன்னால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தமிழகத்தில் இதற்கு விதிகள் கடுமையாகிவிட்டன. ஆகவே ஜனவரியில் கல்வராயன் என்று சொல்லிவிடுங்கள். ஏற்காடு போவதானால் பிப்ரவரித் தொடக்கத்துக்குள், வார நாளில் ஒரு விடுப்பெடுத்து. சனிக்கிழமை ஏறி இறங்கிவிட்டு ஞாயிறு மதியத்துக்குள் ஊர் திரும்பினால் திங்கள்கிழமை அலுவலகத்துக்குக் காலும் ஒத்துழைக்கும்.