சக்கரத்தைக் கழற்றும் முன், பாரம் எதன் மேல் நிற்கிறது?

கிடங்கு வண்டிகளின் சக்கரம் மாற்றுவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். அந்த வேலையில் விரல் நசுங்கியவர்களை நேரில் பார்த்தவன் நான். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரிசிக் கிடங்கில் ஆறு ஹேண்ட் பேலட் டிரக் (சரக்கு அடுக்கிய பலகை மேடையைக் கையால் பம்ப் அடித்துத் தூக்கி இழுக்கும் வண்டி) ஓடுகின்றன. முன்பக்கச் சின்ன ரோலர் அடிக்கடி இறுகிவிடுகிறது. பையன்கள் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துத் தட்டிக் கழற்றுகிறார்கள். இது சரியா சார்? (செங்குன்றம்)

பதில்: சாய்த்து வைப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வண்டி காலியாகவே 70, 80 கிலோ இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஃபோர்க்கை, அதாவது சரக்கைத் தாங்கும் இரட்டைக் கரங்களை, முழுக்க இறக்குங்கள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து, தரையில் போட்ட இரண்டு மரக்கட்டைகள் மேல் வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். எண்ணெய் மூடித் திருகு இறுகியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். கைப்பிடி அசைந்தால் அடியில் உள்ள தண்டும் ரோலர் பிடிக்கிற கையும் சேர்ந்து அசையும், விரல் அங்கேதான் மாட்டும்.

அச்சைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் பின், நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி இருக்கும். அதன் அளவுக்குச் சரியான பஞ்ச் வைத்துத் தட்டுங்கள். ஆணி வைத்துத் தட்டினால் பின் உள்ளேயே மலர்ந்து இறுகிவிடும். கழற்றிய பின்னை மறுபடி போடாதீர்கள், புதிது சில ரூபாய்தான். பேரிங் வாங்கும்போது பழையதன் முகத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பல வண்டிகளில் 6204 இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. இரண்டு ஃபோர்க்கிலும் சேர்த்தே மாற்றுங்கள்.

உங்கள் கிடங்கில் ரோலர் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பேரிங்காக இருக்காது. பிளாஸ்டிக் சாக்கு நூலும் தைத்த சரடும் அச்சில் சுற்றிக்கொண்டு, கிரீஸோடு சேர்ந்து கல் மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருமுறை கத்தியால் அறுத்து எடுத்தாலே ரோலரின் ஆயுள் கூடும்.

வண்டியை நிமிர்த்திய பிறகு பம்ப் தூக்க மறுத்தால் பயப்பட வேண்டாம், உள்ளே காற்று புகுந்திருக்கும். லிவரை இறக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: எங்கள் கிடங்கில் எபாக்ஸி பூசிய தரை. நைலான் சக்கரமா, பியூ (பாலியூரித்தேன்) சக்கரமா? (திருப்பூர்)

பதில்: எபாக்ஸி தரை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் பியூ. நைலான் லேசாக உருளும், பாரம் தாங்கும், ஆனால் அந்தத் தரையைக் கீறிவிடும். மீன் பதப்படுத்தும் இடம் போல எப்போதும் ஈரமும் வெந்நீரும் உள்ள தரை என்றால் நைலானைத்தான் சொல்வேன். பியூவில் பாலியெஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் உதிர்ந்துவிடும். அங்கும் பியூதான் வேண்டும் என்றால் பாலியீதர் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மூன்று டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டில் முன் டயர் பஞ்சர். லாரி பஞ்சர் கடைக்காரரை வரவழைத்து மாற்றலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும் அண்ணா? (ஒரகடம்)

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றையும் சேர்த்து எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எடை. மூன்று டன் தூக்கும் வண்டி தானே நான்கு டன்னுக்கு மேல் இருக்கும். காலியாக நிற்கும்போது அதில் பாதிக்கு மேல் பின் அச்சில்தான் நிற்கும். காருக்கு வைத்திருக்கும் ஜாக்கியை இதன் பக்கம் கொண்டுவரவே கூடாது.

அடுத்தது ஹேண்ட்பிரேக். ஃபோர்க்லிஃப்ட்டில் அது பிடிப்பது முன் சக்கரங்களை. முன்பக்கத்தைத் தூக்கிய நொடியில் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாததுதான். ஆகவே பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும். பல வண்டிகளின் கையேட்டில் ஒரு முறை சொல்லியிருப்பார்கள்: மாஸ்ட்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டத்தை) பின்னால் சாய்த்து, அதன் இரு வெளிக்கால்களுக்கும் அடியில் கெட்டி மரக்கட்டை வைத்து, மாஸ்ட்டை முன்னால் சாய்த்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும். உங்கள் வண்டியின் கையேடும் அப்படிச் சொன்னால் செய்யுங்கள். ஆனால் எழும்பியதும் சேசிஸுக்கு அடியில் இரு பக்கமும் கட்டை கொடுத்து, பாரத்தை அதன் மேல் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயின் அழுத்தத்தை மட்டும் நம்பி ஒரு வண்டி நிற்கும்போது அதனடியில் யாருடைய கையும் போகக் கூடாது.

இப்போது காற்று. இதுதான் உயிர் எடுப்பது. இந்த வண்டிகளில் பல ரிம்கள் இரண்டு பாதியாக, போல்ட் போட்டு இணைத்தவை. சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் நட்டு ஒரு வரிசை, பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டு இன்னொரு வரிசை. பழக்கமில்லாதவர் ஸ்பானரைத் தவறான வரிசையில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று இரு பாதிகளையும் பிரித்து வீசிவிடும். முன் டயரில் 100 பிஎஸ்ஐ சுற்றிக் காற்று இருக்கும். அது ஒரு சதுர அங்குலத்துக்கு 45 கிலோ; தீப்பெட்டி அளவு இடத்தில் 100 கிலோவுக்கும் மேல். நான் வேலை பழகிய பட்டறையில் அப்படிப் பறந்த ரிம் பாதி ஒன்று தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அன்று எதிரே யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எந்த நட்டையும் தொடும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே, வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். சத்தம் நின்ற பிறகும் ஒரு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள், அழுக்கு அடைத்து உள்ளே காற்று நின்றிருக்கலாம். பஞ்சர் ஆன டயர்தானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். இரட்டைச் சக்கரமாக இருந்தால் இரண்டிலும் இறக்க வேண்டும். மறுபடி காற்று அடிப்பது கம்பிக் கூண்டுக்குள், நீளமான குழாய் போட்டு, டயருக்கு நேர் எதிரே நிற்காமல். லாரி டயர்க்காரர் இதெல்லாம் உள்ளவராக இருந்தால் கூப்பிடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

நட்டுகளை எதிரெதிராக, கையேடு சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, சில மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: சாலிட் டயரை (காற்று இல்லாத முழு ரப்பர் டயர்) எப்போது மாற்றுவது? (ஓசூர்)

பதில்: பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு தேய்மானக் கோடு இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டால் மாற்றிவிட வேண்டும். ரப்பர் பாளம் பாளமாகப் பெயர்ந்தாலும் அப்படியே. ரிம்மில் ஏற்றுவதற்குப் பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், கிடங்கில் சுத்தியலால் அடித்து ஏற்றும் வேலை இல்லை.

கேள்வி: ரீச் டிரக்கில் (உயரமான ரேக்குகளில் பேலட் வைத்து எடுக்கும் வண்டி) இடப்பக்க லோடு வீல், அதாவது பாரம் தாங்கும் சக்கரம், மட்டும் பியூ உரிந்துவிட்டது. ஒன்று மட்டும் வாங்கினால் போதும் என்கிறது கொள்முதல் பிரிவு. (ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பழைய வீல் தேய்ந்து விட்டத்தில் புதியதைவிட 10 மில்லிமீட்டர் குறைவு என்றால், அந்தப் பக்க அச்சு 5 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். இரு வீல்களுக்கும் இடையே 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9 மீட்டர் உயரத்தில் மாஸ்ட் 4 சென்டிமீட்டர் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். கீழே கண்ணுக்கே தெரியாது. மேலே ஒரு டன் பேலட்டோடு ரேக்குக்குள் நுழைக்கிற ஓட்டுநருக்குத் தெரியும். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: பேட்டரி பேலட் டிரக்கில் டிரைவ் வீல் (மோட்டார் சுழற்றும் சக்கரம்) புதிது போட்டோம். திரும்பும்போது வண்டி ஆடுகிறது. (கோவை)

பதில்: டிரைவ் வீல் தேயத் தேயப் பக்கத்தில் உள்ள கேஸ்டர் வீல்கள் (தானாகத் திரும்பும் சின்னத் துணைச் சக்கரங்கள்) பாரத்தை வாங்கிக்கொள்ளும், டிரைவ் வீல் வழுக்கும். புதிது போட்டதும் கதை தலைகீழ்: கேஸ்டர்கள் தரையைச் சரியாகத் தொடாமல் நிற்கின்றன, அதனால் ஆட்டம். கேஸ்டர் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சாவியை எடுத்தால் மட்டும் போதாது, பேட்டரி பிளக்கையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

கேள்வி: ரிம்மில் மயிரிழை விரிசல். டயரோடு வைத்தே வெல்டிங் செய்யலாமா? (தூத்துக்குடி)

பதில்: கூடாது. வெல்டிங் சூட்டில் டயருக்குள் ரப்பர் வெந்து வாயுவாகி, காற்று இறக்கிய டயர்கூட வெடித்திருக்கிறது. டயரைக் கழற்றிவிட்டு வெல்டிங் செய்தாலும் அந்த ரிம்மை நான் நம்பமாட்டேன். டயரைப் பிரித்து எடுத்த பிறகு ரிம்மைக் கேஸ் கட்டிங்கில் இரண்டாக வெட்டிவிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்துப் பெயின்ட் அடித்து மாட்டிவிடுவார்கள்.