தைவான் தலைநகர் தைபேயில் டின் டாய் ஃபங் கடையில் மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலாமா?

பன்றி இறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கலாம், ஏனென்றால் இந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததே பன்றி இறைச்சி வைத்த டம்ப்ளிங்தான், நம் கொழுக்கட்டை மாதிரி பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. தைபே 101 கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள கிளையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள்.

வாசலில் எண் போட்ட சீட்டு தருவார்கள், கூடவே மெனுத் தாளும் வரும், நிற்கும்போதே அதில் வேண்டியதை டிக் செய்துவிட்டால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்துவிடும். அதுவரை போனைப் பார்க்காமல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சமையலறையைப் பாருங்கள். வெள்ளை உடையும் முகக்கவசமும் போட்டவர்கள் வரிசையாக நின்று, ஒருவர் மாவை உருட்டிக் கிள்ள, ஒருவர் வட்டமாகத் தேய்க்க, அடுத்தவர் பூரணம் வைத்து மடிக்க, இடையில் தராசு வேறு. ஒரு டம்ப்ளிங்குக்கு மேல்மாவு 5 கிராம், பூரணம் 16 கிராம், மடிப்பு 18. மோதகம் பிடித்துப் பழகிய கைகளுக்குத்தான் அந்த வேகத்தில் 18 மடிப்பு என்றால் என்னவென்று தெரியும்.

முதலில் வரவழைக்க வேண்டியது சாதாரண பன்றி இறைச்சி சியாவ்லோங்பாவ், அதாவது உள்ளே சூப் இருக்கும் டம்ப்ளிங். ட்ரஃபிள் என்ற வாசனைக் காளான் போட்டது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதன் வாசனை சூப்பையே அமுக்கிவிடுகிறது. அந்த சூப் எப்படி உள்ளே போகிறது என்று பலரும் கேட்பார்கள். பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவிட்டு எடுத்த சாறு ஆறினால் ஜெல்லியாக உறைந்துவிடும், அதைப் பொடியாக நறுக்கி இறைச்சியோடு பிசைந்து மடிக்கிறார்கள், நீராவியில் வேகும்போது அது உருகி மறுபடி சூப்பாகிறது. இதனால்தான் ஆறவிடக் கூடாது. ஆறினால் மேல்மாவு கூடையில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கிழியும், சூப் மொத்தமும் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாமல் ஒவ்வொரு கூடையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடையில் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

மடிப்புகள் கூடும் உச்சியைச் சாப்ஸ்டிக்கால் மெதுவாகப் பிடித்துத் தூக்கினால் சூப்பின் கனத்தில் அடிப்பாகம் தொங்கும், மெல்லிய மாவுக்குப் பின்னால் அது அசைவதுகூடத் தெரியும். சோயா சாஸ் ஒரு பங்கு, வினிகர் மூன்று பங்கு கலந்து அதில் ஒரு முறை தோய்த்து, கரண்டியில் வைத்து, ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டு சூப்பை முதலில் உறிஞ்சுங்கள். அப்புறம் இஞ்சித் துருவல் இரண்டு இழை வைத்து மொத்தமாக வாயில் போடலாம். நேரடியாகக் கடித்தால் நாக்கு வெந்துவிடும்.

இவ்வளவு பெரிய கடை சமையல் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியது. யாங் பிங்-யீ என்பவர் 1958-ல் ஆரம்பித்தார், டின்னில் அடைத்த எண்ணெய் வந்து வியாபாரம் படுத்ததும் 1972-ல் கடையின் பாதியில் சியாவ்லோங்பாவ் விற்கத் தொடங்கினார். 1993-ல் நியூயார்க் டைம்ஸ் உலகின் சிறந்த 10 உணவகங்களில் ஒன்றாக இதைச் சொன்ன பிறகு வெளிநாட்டுக் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

சரி, பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு? கோழி சியாவ்லோங்பாவ் இருக்கிறது, காய்கறி டம்ப்ளிங்கும் இருக்கிறது. நன்றாகவே இருக்கும், ஆனால் காய்கறியில் அந்த சூப் கிடையாது, அதற்காக ஒரு மணி நேரம் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறால் ஃப்ரைட் ரைஸ் உதிரி உதிரியாக, எண்ணெய் கையில் ஒட்டாமல் அருமையாக இருக்கும். வெள்ளரிக்காய் தட்டு ஒன்றும் கேளுங்கள், சூட்டுக்கு நடுவே அந்தக் குளிர்ச்சி தேவைப்படும்.

வார நாளில் இரண்டரை மணிக்கு மேல் போனால் கூட்டம் பெரும்பாலும் குறைந்திருக்கும். பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும், தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.